எஃப்.என்.பி. படிப்பு: பணம் கட்டும் முன் பிரிசெப்டர் யார் என்று கேளுங்கள்

டெக்சாஸில் மெட்-சர்ஜ் (பொது மருத்துவம், அறுவை சிகிச்சை நோயாளிகள்) வார்டில் எட்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்த பிறகுதான் ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர் (எஃப்.என்.பி., அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ்) மாஸ்டர்ஸில் சேர்ந்தேன். ஆன்லைன், பகுதி நேரம், ஏழு செமஸ்டர், வேலையை விடவில்லை. போன மாதம் சான்றிதழ் தேர்வும் முடிந்துவிட்டது. சேரலாமா, எப்படி இருக்கும் என்று வார்டில் தினமும் யாராவது பிடித்துக்கொள்வதால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கல்லூரி பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்தக் கதை அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியதும் இல்லை.

பாடம் நன்றாகவே இருந்தது. பேத்தோபிசியாலஜி (நோய் உடலை எப்படிப் பாதிக்கிறது என்பது), பார்மகாலஜி (மருந்தியல்), பிசிகல் அசெஸ்மென்ட் (உடல் பரிசோதனை) என்று 'மூன்று பி' சொல்வார்களே, அதில் பார்மகாலஜிக்காக மட்டுமே கட்டணத்தில் பாதியை மன்னிக்கலாம். ரத்த அழுத்தத்துக்கான லிசினோப்ரில் கொடுத்தால் சிலருக்கு வறட்டு இருமல் வரும் என்பது நர்ஸாக எனக்கு முன்பே தெரியும். இருமல் வந்தவருக்கு மாற்றாக எதை எழுதுவது, பொட்டாசியம் ஏறுகிறதா என்று எப்போது பார்ப்பது, கர்ப்பம் என்றால் லிசினோப்ரிலை ஏன் தொடவே கூடாது என்றெல்லாம் யோசிக்க வைத்தது இந்த வகுப்புதான். டிஸ்கஷன் போர்டு சுத்த வீண். வாரம் ஒரு பதிவு, இரண்டு பேருக்குப் பதில், எல்லாவற்றுக்கும் ஏபிஏ முறையில் மேற்கோள். ராத்திரி பதினொன்றரைக்குத் தூக்கக் கலக்கத்தில் 'அருமையான கருத்து' என்று தட்டச்சு செய்து யாரும் நோயாளி பார்க்கக் கற்றுக்கொண்டதில்லை. தேர்வு என்றால் லேப்டாப்பைத் தூக்கி அறை முழுக்கக் காட்ட வேண்டும், மேசைக்கு அடியிலும். சரி, அது பழகிவிட்டது.

பழகாதது கிளினிக்கல்தான், அதாவது கிளினிக்கில் நேரடியாக நோயாளி பார்த்துப் பழகும் பயிற்சி. 2022-இல் வந்த தேசியத் தரநிலைப்படி நேரடியாக நோயாளி பார்க்கும் நேரம் குறைந்தது 750 மணி, முன்பு 500 ஆக இருந்தது. அதிகம் இருப்பது நல்லதே. ஆனால் அந்த 750 மணி நேரமும் நம்மை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு டாக்டரோ அனுபவமுள்ள நர்ஸ் ப்ராக்டிஷனரோ (என்.பி.) வேண்டும், அந்தப் பிரிசெப்டரை நானே தேட வேண்டும் என்பது இரண்டாம் வருடம்தான் முழுசாக உறைத்தது. சேரும்போது 'ப்ளேஸ்மென்ட் உதவி உண்டு' என்றார்கள். வந்தது ஒரு எக்செல் பட்டியல், அதில் பாதி எண்கள் வேலை செய்யவில்லை. 43 கிளினிக்குகளுக்குப் போன், மெயில், நேரில் ரெஸ்யூமே. முன்மேசைப் பெண் முகத்தைப் பார்த்ததுமே 'மாணவர்களா, எடுப்பதில்லை' என்பாள். பெண்கள் நலச் சுழற்சிக்கு (ஒவ்வொரு துறையிலும் சில வாரம் பார்க்கும் பயிற்சியில் ஒன்று) இடமே கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. ஆள் பிடித்துக் கொடுக்கவே தனி நிறுவனங்கள் இருக்கின்றன, ஒரு சுழற்சிக்கே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள், அதுவும் கல்லூரிக் கட்டணம் போக.

1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்துதான் முதல் என்.பி. பயிற்சியைத் தொடங்கினார்கள் என்று முதல் செமஸ்டரிலேயே படித்தோம். சொல்லிக்கொடுக்க டாக்டர் கூடவே இருந்த படிப்பு அது. கிளினிக் வாசலில் ரெஸ்யூமேயோடு நின்றபோதெல்லாம் அது ஞாபகம் வந்து எரிச்சல்தான் மிஞ்சியது.

கடைசியில் கிடைத்த பிரிசெப்டர் ஒரு மூத்த எஃப்.என்.பி., தங்கமான மனுஷி. முதல் நாள் நாலு வயதுப் பையன், ராத்திரி முழுக்க அழுதிருக்கிறான். ஓட்டோஸ்கோப்பில் பார்த்தேன், வலது செவிப்பறை சிவந்து புடைத்திருந்தது, காதில் தொற்று. வெளியே வந்து கடகடவென்று ஒப்பித்தேன். 'சரி, அடுத்து என்ன செய்யலாம்?' என்றார். வாயடைத்துப் போனேன். எட்டு வருடமாக இந்த இடத்தில் நான் டாக்டருக்குப் போன் செய்துதான் பழக்கம். அப்புறம் மெதுவாகக் கணக்குப் போட்டேன்: 16 கிலோ, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 90 மி.கி. அமாக்ஸிசிலின் (பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக்), இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 720 மி.கி., ஐந்து மில்லியில் 400 மி.கி. உள்ள சிரப்பில் 9 மில்லி. கணக்கு சரி. 'பென்சிலின் அலர்ஜி கேட்டாச்சா?' என்றார். கேட்கவில்லை. நர்ஸாக ஒரு நாளும் மறக்காத கேள்வி! நல்ல வேளை, பையனுக்கு அலர்ஜி இல்லை. எந்த வீடியோ பாடமும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது, அதைத் தேடித் தருவதைத்தான் கல்லூரி என் தலையில் கட்டியிருந்தது.

தேர்வுக்கு இரண்டு வாரியங்கள் உண்டு. நான் எழுதியது ஏஏஎன்பிசிபி: 150 கேள்வி, மூன்று மணி நேரம், பெரும்பாலும் மருத்துவம்தான். ஏஎன்சிசி எழுதினால் கொள்கை, ஆராய்ச்சி என்றும் கேள்வி வரும். எதை எழுதினாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று, தேர்வில் ஜெயித்தாலும் டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும், அரிசோனாவில் வேண்டியதில்லை. ஐசியூ வேலைதான் ஆசை என்றால் இந்தப் படிப்பே வேண்டாம், அதற்கு அக்யூட் கேர் (தீவிர நிலை நோயாளிகளைப் பார்ப்பது) என்று தனிப் பிரிவு இருக்கிறது. மூன்றாவது செமஸ்டரில் இது தெரிந்து ஒரு தோழி விலகினாள், கடன் மட்டும் விலகவில்லை.

பாடத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், கிளினிக்கலுக்கு ஒன்றே அதிகம். அட்மிஷன் ஆலோசகர் போன் செய்யும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: பிரிசெப்டர் கிடைக்காவிட்டால் நீங்கள் பிடித்துத் தருவீர்களா, அதை எழுத்தில் தருவீர்களா? 'நாங்கள் துணையாக இருப்போம்' என்று பதில் வந்தால், அந்த எக்செல் பட்டியல்தான் துணை.