போட்டோவ எழுதிக் குடுக்கலாமா, லைசென்ஸ் மட்டும் குடுக்கலாமா?

தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச்சுல விடியக்காலைல எடுத்த ஒரு படத்த மண்டபம் பக்கம் லாட்ஜ் வச்சிருக்குற அண்ணன் ஒருத்தர் கேட்டாரு, "தம்பி, பத்தாயிரம் தர்றேன், மொத்தமா எழுதிக் குடுத்துரு"ன்னு, உப்புக்காத்துல லென்ஸ் போன கடுப்புல இருந்த நானும் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த வருஷம் அதே படத்த என் காலண்டர்லயே போட முடியல.

இப்படி மொத்தமா எழுதிக் குடுக்குறதுக்குப் பேரு அசைன்மென்ட், வள்ளத்த வித்த மாதிரி. லைசென்ஸ்னா வாடகைக்கு விட்ட மாதிரி, வள்ளம் நம்மளுதுதான்.

1957 காப்பிரைட் சட்டப்படி ரெண்டுமே எழுத்துல இருக்கணும். எத்தன வருஷம்னு போடலைன்னா 5 வருஷம், எந்த ஊருக்குன்னு போடலைன்னா இந்தியா மட்டும்னு சட்டமே எடுத்துக்கும், ஆனா என் பேப்பர்ல "நிரந்தரமா"ன்னு தெளிவா அடிச்சிருந்தாங்க, போட்டோவுக்கு காப்பிரைட்டே எடுத்தவரோட ஆயுசு முழுக்க, அவர் போன மறுவருஷத்துலேர்ந்து இன்னும் 60 வருஷம்ங்க, பேரன் காலம் வரைக்கும் வரும். வித்தாலும் எடுத்தது நான்தான்னு சொல்லிக்குற உரிமை மட்டும் போகாது.

இப்பல்லாம் லைசென்ஸ்தான். வெப்சைட்டுக்கு மட்டும், ஒரு வருஷம், மத்தவங்களுக்கும் குடுப்பேன்னு எழுதிடுவேன், கைக்கு வர்றது கம்மிதான், ஆனா ஒரே பாம்பன் பாலம் படம் மூணு பேருகிட்ட காசாச்சு. லோகோ மாதிரி ஒருத்தருக்கே ஆகுற வேலைன்னா நல்ல விலை வாங்கிட்டு எழுதிக் குடுக்கலாம், தப்பில்ல.

ஆங், கல்யாண ஆர்டர் கதை வேற. காசு குடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் முதல் உரிமை, வேற மாதிரி பேசி எழுதிக்கலைன்னா.