மாட்டினால் எங்கே அதிகம் வலிக்கும்? ஆல்ப்ஸைச் சுற்றி ஐந்து நாட்டு வேக அபராதங்கள்

ஊருக்குள் 50 என்று பலகை வைத்த சாலை. கருவியின் பிழைக்காகக் கழிப்பதைக் கழித்த பிறகும் உங்கள் வேகம் 66 என்று பதிவாகிவிட்டது. ஜெர்மனியில் இதற்கு 70 யூரோ. பிரான்ஸில் 135, சீக்கிரம் கட்டினால் 90. இத்தாலியில் 173, ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி, இரவு பத்து மணிக்கு மேல் நடந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆஸ்திரியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பொதுவாக நூறைத் தொடாது. சுவிட்சர்லாந்தில் இதற்கு விலைப்பட்டியலே கிடையாது. அங்கே ஊருக்குள் 15 கி.மீ. வரை கூடினால்தான் நிலையான அபராதம். 16 என்றால் வழக்கு.

பெரும்பாலான ஒப்பீடுகள் இந்தத் தொகைகளோடு முடிந்துவிடும். ஆனால் வாடகைக் காரிலோ பைக்கிலோ ஆல்ப்ஸைச் சுற்றப் போகிறவருக்குத் தொகை அவ்வளவு முக்கியமில்லை. வண்டி ஓட்டியவரைத் தேடுகிறார்களா, வண்டியின் உரிமையாளரைத் தேடுகிறார்களா? மாட்டியது உங்களுக்கு எப்போது தெரியவரும்? எந்த வேகத்துக்கு மேல் அபராதம் போய்க் கிரிமினல் வழக்காகிறது? இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், பயப்பட வேண்டிய வரிசையில் சுவிஸ்தான் முதலில். அடுத்து இத்தாலி, பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் ஆஸ்திரியா, பிரான்ஸ். கடைசியில் ஜெர்மனி.

சுவிஸில் வேக வரம்பு ஊருக்குள் 50, வெளியே 80, ஆட்டோபான் என்ற விரைவுச்சாலையில் 120. ஊருக்குள் 5 கி.மீ. வரை கூடினால் 40 ஃபிராங்க், 10 வரை 120, 15 வரை 250. அதே 15 ஆட்டோபானில் என்றால் 120 ஃபிராங்க்தான். அங்கே 25 வரை பட்டியல் நீள்கிறது, உச்சம் 260. ஆள் நடமாடும் இடத்தில் வேகமாகப் போனால் இரட்டிப்பு என்ற கணக்கு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

பட்டியல் முடிந்த பிறகுதான் விஷயமே ஆரம்பம். ஊருக்குள் 25, வெளியே 30, ஆட்டோபானில் 35 கி.மீ. அதிகம் என்றால் அது கடுமையான மீறல். குறைந்தது மூன்று மாதம் வண்டி ஓட்டத் தடை. வெளிநாட்டு லைசென்ஸ்காரர் என்றால் அந்தத் தடை சுவிஸ் எல்லைக்குள் மட்டும். தண்டத்தொகையை உங்கள் வருமானத்தைப் பார்த்து, இத்தனை நாள் சம்பளம் என்ற முறையில் நிர்ணயிப்பார்கள். செயின்ட் காலன் மாநிலத்தில் ஒரு கிராமத்து வழியாக ஃபெராரியில் பறந்த கோடீஸ்வரருக்கு 2010இல் கிட்டத்தட்ட மூன்று லட்சம் ஃபிராங்க் விதித்தது இப்படித்தான். (இதில் பின்லாந்துக்காரர்கள் இன்னும் பிரபலம். 2002இல் நோக்கியா நிர்வாகி ஆன்சி வான்யோக்கி, ஹெல்சிங்கியில் 50 சாலையில் ஹார்லி பைக்கை 75இல் ஓட்டியதற்கு 1,16,000 யூரோ போட்டார்கள். மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது, சரி. ஆனாலும் செய்தி உலகம் சுற்றிவிட்டது.)

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. 2013இல் வந்த சட்டத்தின்படி 30 மண்டலத்தில் 40 கி.மீ. அதிகம், 50இல் 50 அதிகம், 80இல் 60 அதிகம், அதற்கு மேற்பட்ட சாலைகளில் 80 அதிகம் என்றால் நான்காண்டு வரை சிறை. வண்டியைப் பறிமுதல் செய்யவும் இடமுண்டு. முன்பு ஓராண்டுச் சிறைக்குக் குறைந்து தண்டனை தரவே முடியாது. 2023 அக்டோபருக்குப் பிறகு, முந்தைய பத்தாண்டில் பெரிய போக்குவரத்துக் குற்றம் எதுவும் செய்யாதவருக்கு நீதிபதி அதைக் குறைக்கலாம். ஊருக்குள் 100 தொடுவது நம்மூர் பைபாஸில் ஓட்டிப் பழகியவருக்குப் பெரிய காரியமாகத் தெரியாது. அங்கே அது சிறை.

கேமரா எங்கே என்று காட்டும் செயலிக்கும் கருவிக்கும் சுவிஸில் தடை. கருவியைப் பிடுங்கி அழித்தே விடுவார்கள். "இந்த இடத்தில் ரேடார் இருக்கிறது" என்று பொதுவெளியில் எழுதிப் போடுவதுகூடத் தண்டனைக்குரியது. இத்தனை கெடுபிடி இருந்தும் சுவிஸில் ஒரு நல்லது: சட்டத்தில் எழுதியதுதான் நடக்கும். பின்னால் திகைக்க ஒன்றுமில்லை.

இத்தாலியில் அப்படியில்லை. எண்களை மட்டும் பார்த்தால் இத்தாலி தாராளமான நாடு. 10 கி.மீ. வரை 42 யூரோ. 10க்கு மேல் 40 வரை ஒரே பட்டை, 173 யூரோ. அதாவது 50 சாலையில் 61 போனவரும் 89 போனவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். 81 போனவரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜெர்மனியில் 260 யூரோவும் ஒரு மாதத் தடையும், சுவிஸில் கிரிமினல் வழக்கு, இத்தாலியில் அதே 173தான். கேமரா வருவதை முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்லவும் வேண்டும். இத்தாலிய விரைவுச்சாலையான ஆட்டோஸ்ட்ராடாவில், சாலைக்கு மேலே கேமரா மாட்டிய இரண்டு சட்டங்களுக்கு இடையே சராசரி வேகத்தை அளக்கும் 'டூட்டர்' முறை 2005 முதல் இருக்கிறது. கேமராவுக்கு முன்னால் பிரேக் போட்டுத் தப்பும் வித்தை அதனிடம் பலிக்காது.

அப்படியானால் இத்தாலி ஏன் இரண்டாவது இடத்தில்? காரணம் காலதாமதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம். வாடகைக் கார் என்றால், நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்த பிறகுதான் உங்களுக்கான கணக்கு தொடங்கும். முதலில் கிரெடிட் கார்டில் முப்பது, நாற்பது, ஐம்பது யூரோ என்று ஒரு தொகை கழியும். அது அபராதமில்லை, உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் எடுக்கும் கட்டணம். அபராதக் கடிதம் மாதக்கணக்கில் கழித்து வரும், அதற்குள் எந்த ஊர், எந்தத் தெரு என்பதே மறந்திருக்கும்.

வேகத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டியது பழைய நகரங்களின் தடைமண்டலம். ஃப்ளோரன்ஸ், பீசா, ரோம் என்று எங்கும் வரலாற்று மையத்துக்குள் வெளியார் வண்டி நுழையக்கூடாத நேரங்கள் உண்டு. நுழைவாயில் கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும். பிறகு நோட்டீஸ் வரும், ஒவ்வொரு நோட்டீஸுக்கும் வாடகை நிறுவனத்தின் தனிக் கட்டணம். ஹோட்டல் எங்கே என்று தேடிச் சுற்றி வந்தவரும் கட்டுவார். இத்தாலிக்குப் போய் வந்த நண்பர்களின் புலம்பல் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாக இருக்காது, இதைப் பற்றித்தான்.

இத்தாலியர்களுக்கே தங்கள் கேமராக்கள் மேல் கோபம் உண்டு. 2023, 2024 வாக்கில் வடகிழக்கில் கேமராக் கம்பங்களை இரவில் அறுத்துச் சாய்த்த ஆசாமிக்குப் பத்திரிகைகள் 'ஃப்ளெக்ஸிமேன்' என்று பெயரே வைத்தன. 2024 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கருவிக்கு அனுமதி மட்டும் இருந்தால் போதாது, தரச்சான்றும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உள்ளூர்க்காரர்கள் அதை வைத்து வழக்குப் போடுகிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு இதனால் பெரிய பயனில்லை. வெளிநாட்டவருக்கான அறுபது நாளுக்குள் இத்தாலிய மொழியில் மனு எழுதி அங்கே வாதாடுவதைவிட, ஐந்து நாளுக்குள் தள்ளுபடியோடு கட்டிவிடுவதே மேல்.

ஆஸ்திரியா பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆட்டோபானில் 130, சிறிய மீறலுக்குச் சிறிய தொகை. கவனிக்க வேண்டியது, காற்று மாசைக் குறைக்க 100 என்று வைத்திருக்கும் பகுதிகள். ஜெர்மனியிலிருந்து குஃப்ஸ்டைன் வழியாக இன்ஸ்ப்ருக் போகும் சாலையில் இது வரும். பவேரியாவில் காலை அழுத்தி வந்தவர்கள் அந்த வேகத்திலேயே உள்ளே நுழைந்து மாட்டுகிறார்கள். சராசரி வேகக் கண்காணிப்பும் 2003இலேயே வியன்னாவில் ஒரு சுரங்கச் சாலையில் தொடங்கிவிட்டது.

2024 மார்ச்சில் கதை மாறியது. வரம்பைவிட ஊருக்குள் 60 கி.மீ.க்கு மேல், வெளியே 70 கி.மீ.க்கு மேல் கூடினால் வண்டியை அங்கேயே பிடித்து வைக்கலாம். அந்தக் கூடுதல் 80, 90ஐத் தாண்டினால், அல்லது ஏற்கெனவே இப்படி மாட்டியவர் என்றால், வண்டியை நிரந்தரமாக எடுத்து ஏலம் விடவும் முடியும். வாடகை வண்டியை ஏலம் விட மாட்டார்கள். அதற்குப் பதில் அந்த வண்டியை அந்த ஆள் வாழ்நாளில் ஓட்டக்கூடாது என்று தடை எழுதுவார்கள். வாடகை வண்டிக்கு இது என்ன தண்டனை என்று சிரிப்பு வரலாம். மற்ற தண்டனைகள் தனியாக வரும் என்பதால் சிரிக்க நேரமிருக்காது. பைக்காரர்களுக்கு இன்னொன்று: திரோல் மாநிலத்தின் ஔஸர்ஃபெர்ன் பகுதியில் 2020 முதல் கோடைக்காலத்தில் வண்டி நின்றிருக்கும்போது அளந்த சத்தம் 95 டெசிபலுக்கு மேல் என்று ஆவணத்தில் பதிவாகியிருக்கும் பைக்குகளுக்குத் தடை. மெதுவாகப் போனாலும் 220 யூரோ. உங்கள் பைக்கின் பதிவு ஆவணத்தில் அந்த எண் இருக்கும், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

பிரான்ஸ் ஒரு இயந்திரம். 2003இல் முதல் தானியங்கிக் கேமரா வந்ததிலிருந்து படம் எடுப்பது, உரிமையாளரைத் தேடுவது, கடிதம் அனுப்புவது எல்லாம் ஆள் கை படாமல் ஓடுகிறது. வண்டி யார் பெயரிலோ அவருக்குத்தான் கடிதம். வாடகை நிறுவனம் உங்கள் பெயரைச் சொல்லிவிடும், பிறகு உங்களுக்கு. சீக்கிரம் கட்டினால் குறைவு, தாமதமானால் ஏறும்: ஊருக்குள் 20க்குக் கீழ்ப்பட்ட மீறலுக்கு 90, 135, 375 என்று மூன்று படி. அதே மீறல் ஊருக்கு வெளியே என்றால் 45, 68, 180. வரம்பைவிட 40 கி.மீ. கூடினால் போலீஸ் லைசென்ஸை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் 50ஐத் தொட்டால் 2025 டிசம்பர் இறுதியிலிருந்து அது குற்றம், மூன்று மாதம் வரை சிறை. பிரான்ஸில் குழப்பம் தருவது வரம்புதான். 2018 ஜூலையில் நடுத்தடுப்பு இல்லாத கிராமப்புறச் சாலைகளை 90இலிருந்து 80 ஆக்கினார்கள். பிறகு பல மாவட்டங்கள் சில சாலைகளில் 90க்குத் திரும்பின. மழை பெய்தால் ஆட்டோரூட் என்ற விரைவுச்சாலையில் 130 தானாகவே 110 ஆகிவிடும். சாதாரணக் கார் போலவே இருக்கும் ரேடார் கார்களும் உங்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஜெர்மனியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அங்கே ஓட்டியவர்தான் பொறுப்பு, உரிமையாளர் அல்ல. படத்தில் இருப்பவர் யார் என்று அதிகாரிகள் நிரூபிக்க வேண்டும். சரியான ஆளுக்கு மூன்று மாதத்துக்குள் எதுவும் போய்ச் சேரவில்லை என்றால் பெரும்பாலும் விவகாரம் காலாவதி. முன்னால் நம்பர் பிளேட் இல்லாமல் ஹெல்மெட்டோடு போகும் பைக்காரரை முன்பக்கக் கேமரா என்ன செய்யும்? இது போலீஸுக்கும் தெரியும். அதனால்தான் பவேரியாவின் மலைச்சாலைகளில் வார இறுதியில் லேசர் கருவியோடு நின்று கையாலேயே மறிக்கிறார்கள். அப்படி மறித்தால் வெளிநாட்டவர் உத்தரவாதத் தொகையை அங்கேயே கட்ட வேண்டும், கார்டு இயந்திரமும் வைத்திருப்பார்கள்.

2021 நவம்பரில் ஜெர்மனியின் தொகைகளும் ஏறின. ஆனாலும் வெளியாளுக்கு அங்கே பெரிய பொறி, வரம்பில்லாத ஆட்டோபான் திடீரென்று வரம்புள்ளதாக மாறும் இடம்தான். 160இல் வந்தவருக்கு முன்னால் வேலை நடக்கும் பகுதி, 80 என்று பலகை. அங்கே இழுவண்டி போன்ற பெட்டியில் கேமரா நிற்கும், முன்னறிவிப்புப் பலகை இருக்காது.

கட்டாமல் ஊர் திரும்பினால்? ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் வண்டி உரிமையாளர் விவரத்தைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. 70 யூரோவும் அதற்கு மேலும் உள்ள அபராதத்தை இன்னொரு நாடு வசூலித்துக் கொடுக்க முடியும். ஜெர்மனிக்கும் சுவிஸுக்கும் இடையே அந்த வழி இல்லாமல் இருந்தது. 2024 மே முதல் 70 யூரோ, 80 ஃபிராங்க் என்ற அளவிலிருந்து அதுவும் வந்துவிட்டது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் இந்த ஏற்பாட்டுக்குள் இல்லை. லண்டனிலிருந்து உறவினர் கல்யாணத்துக்குக் காரிலேயே சூரிச், பேர்ன் பக்கம் வரும் நம்மவர்கள் இதைக் கேட்டு நிம்மதியடையலாம், பாதி அளவுக்கு. சுவிஸில் கட்டாத தண்டம் சிறை நாட்களாக மாற்றப்பட்டுத் தேடுதல் பட்டியலில் ஏறும். அடுத்த கல்யாணத்துக்கு வரும்போது எல்லையில் பாஸ்போர்ட்டைச் சோதித்தால் வெளியே வரும்.

கடைசியாக, ஒரே வாடகைக் காரை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டினால், யார் எந்த நேரத்தில் எந்த இடத்திலிருந்து ஓட்டினார் என்று போனில் குறித்து வையுங்கள். கேள்வி முதலில் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும். இத்தாலியக் கடிதம் என்றால் அது வருவதற்குள் ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகியிருக்கலாம்.