வெப்பக் காற்றுப் போர்வை: ஆறு மாதப் பழக்கத்தில்

அறுவை அரங்கை ஒட்டிய மீட்பு அறையில் பதினோரு ஆண்டுகளாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். இந்தக் கருவி வருவதற்கு முன்பு, இரண்டு கம்பளி போர்த்தினாலும் நோயாளிகளின் பல் கிட்டும் சத்தம் அடங்காது. மயக்க மருந்து ரத்தக் குழாய்களை விரித்து, உடலின் நடுவில் இருக்கும் சூட்டைக் கை கால்களுக்கு இறக்கிவிடுகிறது. கம்பளி இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, புதிதாக எதுவும் தராது.

விசிறியும் சூடேற்றியும் உள்ள பெட்டி, நெளிகுழாய், காற்றடைத்ததும் புடைக்கும் காகிதம் போன்ற போர்வை, அவ்வளவுதான். போர்வையின் அடிப்பக்கத்து நுண்துளைகள் வழியே சூடான காற்று நோயாளியின் உடல்மேல் படுகிறது. போன வாரம் இடுப்பெலும்பு அறுவை முடிந்து வந்த பாட்டிக்கு 34.8 டிகிரி செல்சியஸ். உதறலில் கட்டில் கம்பியே கடகடத்தது. அரை மணியில், "அடுப்பங்கரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதம்மா" என்றார். 36-ஐத் தொட ஒன்றரை மணி நேரம் பிடித்தது; கால் மணிக்கொரு முறை வெப்பமானி வைத்துப் பார்த்தேன்.

இரைச்சல் பழைய மேசை விசிறியைப் போல. போர்வை ஒரு நோயாளிக்கு மட்டும்தான் என்பதால் பில்லிலும் ஏறுகிறது. அதை மிச்சம் பிடிக்க, குழாயை மட்டும் சாதாரணக் கம்பளிக்குள் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். தோல் வெந்துவிடும், என் ஷிப்டில் விடமாட்டேன்.