வெளிவாசகர் அட்டையுடன் ஒன்பது ஆண்டுகள்: பல்கலைக்கழக நூலகமும் திறந்த அணுக்கமும்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கட்டடத் துறையில் டிப்ளமோ முடித்தவன். படிப்பு முடிந்த பிறகு நூலகத்துக்குப் போக வேண்டிய தேவை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில், இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வெளிவாசகராகச் சேர்ந்தேன். அன்று முதல் மாதம் ஒரு முறையாவது அங்கே போய் வருகிறேன். எந்தக் கல்வி நிறுவனத்தையும் சாராத ஒருவருக்குப் பல்கலைக்கழக நூலகம் எந்த அளவுக்குப் பயன்படும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை இந்த ஒன்பது ஆண்டுப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என்னை அங்கே போகவைத்தது ஒரு சுவர். ஒரு பழைய வீட்டின் வளவுப் பக்கச் சுவரில் (வளவு என்பது வீட்டின் உள்முற்றப் பகுதி), சுண்ணாம்புப் பூச்சின் மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் அந்தச் சுவரில் உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. “எங்க ஐயா காலத்துல முகம் பாக்கலாம் தம்பி இந்தச் சுவத்துல” என்று அந்த வீட்டு ஆச்சி தடவிக் காட்டினார். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும் என்பதில் எங்கள் மேஸ்திரிக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செலவைத் தருகிற மகன் வெளிநாட்டில் இருந்தார். அது ஏன் சிமெண்டைவிட நல்லது, எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களிடம் பக்குவம் இருந்தது, காரணம் இல்லை.

நூலகத்தில் முதல் நாள் எனக்குக் கிடைத்தது ஒரு மணி நேர உரையாடல். உதவி நூலகர் ஒருவர் நான் தேடுவதை முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒரு தாளில் சொற்களை எழுதத் தொடங்கினார். நான் சுண்ணாம்பு என்று ஒரே சொல்லில் சொல்வதை ஆய்வுலகம் காற்றில் இறுகும் ஏர் லைம், நீரிலும் இறுகும் ஹைட்ராலிக் லைம் என்று பிரிக்கிறது என்பதும், கடுக்காய்க்கு அதன் தாவரவியல் பெயரான டெர்மினாலியா செபுலாவைப் போட்டுத் தேட வேண்டும் என்பதும் அந்தத் தாளில்தான் எனக்குத் தெரிந்தன. அந்தத் தாள் இன்றும் என் பணப்பையில் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகம் தரும் சேவைகளிலேயே பெரிது எது என்று என்னைக் கேட்டால், நூல்களையும் கணினிகளையும்விட இதையே முதலில் சொல்வேன். கேள்வியோடு வருபவரின் பேச்சை, தேடலுக்கு உரிய சொற்களாக மாற்றித் தருகிற மனிதர் வேறெங்கும் கிடைப்பதில்லை.

அன்றே ஒரு தடையையும் பார்த்தேன். எனக்கு வேண்டிய கட்டுரை ஒன்றைத் திறந்தபோது, பதிப்பகத்தின் பக்கம் முப்பது டாலருக்கு மேல் கேட்டது. அதை எழுதியவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்கள்தாம். நான் மூடப் போனேன். நூலகர் தடுத்து, கட்டுரையின் தலைப்பை அப்படியே வேறொரு தேடுபொறியில் இட்டார். ஆசிரியர் பணிபுரிந்த நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில், அச்சுக்கு ஏற்கப்பட்ட கையெழுத்துப்படி இலவசமாக இருந்தது. பக்க எண்களும் அச்சு அமைப்பும்தாம் மாறியிருந்தன. அட்டவணைகள், படங்கள், முடிவுகள் எல்லாம் அவையே. திறந்த அணுக்கம் என்பதன் பொருள் எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது. 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளை யாரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கவும், பதிவிறக்கவும், பகிரவும் முடிய வேண்டும் என்று கேட்டது. அதற்கு இரண்டு வழிகளையும் காட்டியது. ஒன்று, ஆய்வாளர் தம் கட்டுரையின் படியைத் திறந்த களஞ்சியத்தில் தாமே சேர்ப்பது. மற்றொன்று, இதழே வாசகரிடம் பணம் வாங்காமல் வெளிவருவது. முதல் வழிக்கு நூலகம்தான் முதுகெலும்பு. களஞ்சியத்துக்கான மென்பொருளை நடத்துவது, எந்தப் பதிப்பகம் எந்தப் படியைச் சேர்க்க அனுமதிக்கிறது என்று பார்ப்பது, ஆசிரியர்களை நினைவூட்டிக் கட்டுரைகளை வாங்கிச் சேர்ப்பது என்று எல்லாமே நூலகரின் மேசையில்தான் நடக்கின்றன. இரண்டாம் வழியில் பல இதழ்கள் வாசகரிடம் வாங்காததை எழுதுபவரிடம் கட்டணமாக வாங்குகின்றன. அதனால் பணமில்லாத ஆய்வாளர் வெளியே நிற்க நேர்கிறது. அது எனக்கு உவப்பாக இல்லை.

நூலகத் துறையில் திறந்த அணுக்கம் என்ற சொல்லுக்கு முந்தைய பொருள் ஒன்று உண்டு என்று பின்னர் அறிந்தேன். வாசகர் தாமே அடுக்குகளுக்கு இடையே நடந்து, நூலைக் கையால் எடுத்துப் பார்க்க விடுவதைத்தான் நூலகர்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், பூட்டிய அலமாரிகளுக்கு எதிராக அந்த முறைக்காக வாதாடியவர். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது. அலமாரிக் கதவு இன்று இணையத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் அதிகமாகப் பயன்படுத்தியது சோத்கங்கா என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியம். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்தது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்னெட் நடுவம் அவற்றைத் திரட்டி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. கடவுச்சொல் வேண்டியதில்லை, அட்டையும் வேண்டியதில்லை. அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், வேலை நடக்கும் இடத்தில் கைப்பேசியிலேயே தேவையான அத்தியாயத்தை மட்டும் இறக்கிப் படித்திருக்கிறேன்.

என்னைப் போன்ற தொழிலாளிக்கு ஆய்விதழ்க் கட்டுரையைவிட ஆய்வேடு பயன் மிக்கது. கட்டுரையில் வெற்றி பெற்ற கலவை மட்டும் எட்டுப் பக்கத்தில் வரும். ஆய்வேட்டிலோ தோற்ற கலவைகளும் பின்னிணைப்பில் கிடக்கும்: கடுக்காயை எத்தனை நாள் ஊறவைத்தார்கள், எந்த அளவில் வெல்லம் கூடிப்போனபோது சாந்து இறுகாமல் நின்றது, மணலை எப்படிச் சலித்தார்கள் என்பதெல்லாம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. ஆகவே சிமெண்டைப் போல 28ஆம் நாளில் சோதித்து அதற்கு வலிமை இல்லை என்று தீர்ப்பளிப்பது தவறு என்பதை ஓர் ஆய்வேட்டில்தான் தெளிவாகப் படித்தேன். ஊறிப் புளித்த கடுக்காய், வெல்ல நீர் சாந்துக்கு உள்ளிருந்தே அந்த வாயுவைத் தருகிறது என்றும் கட்டுரைகள் சொல்கின்றன. சிமெண்ட் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்துக்கொள்வதால் உப்பு பூச்சின் பின்னே திரண்டு அதைத் தள்ளுகிறது என்ற விளக்கத்தை வரைபடத்தோடு அனுப்பிய பிறகு, ஆச்சியின் மகன் செலவுக்கு ஒப்புக்கொண்டார். வளவுச் சுவர் ஏழாவது மழைக்காலத்தைக் கண்டுவிட்டது, உப்பு இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளைத் தேடுவது இன்றும் கடினம். பல ஆய்வேடுகள் தாளை ஒளிநகல் எடுத்த படங்களாக இருக்கின்றன; சில பழைய எழுத்துருக்களில் இருப்பதால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு வெறும் குறிகளாகவே தெரிகின்றன. நகரத்தார் வீடுகளைப் பற்றித் தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. ஊர்ப்பெயரை ரோமன் எழுத்தில் ஒரு டி போட்டும் இரண்டு டி போட்டும் தேடி, ஒரே பொருளில் இருந்த இரண்டு ஆய்வேடுகளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தேன். தமிழ்த்துறைகள் இவ்வளவு உழைத்து எழுதியவை தமிழில் தேடுபவருக்குக் கிடைக்காமல் இருப்பது பெரிய இழப்பு. தலைப்பையும் சுருக்கத்தையும் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்து சேர்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் கையுழைப்பால் பழந்தமிழ் நூல்களைத் தேடக்கூடிய எழுத்தாக ஆக்கித் தந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு அதைவிட ஆள்பலம் உண்டு.

இன்னொரு குறை வாசலில் இருக்கிறது. வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு முறை போனபோது, மாணவர் அட்டை இல்லை என்று காவலரே திருப்பி அனுப்பிவிட்டார். வெளிவாசகருக்கு அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, யாரைக் கேட்க வேண்டும் என்று வாசலிலும் எழுதவில்லை, இணையதளத்திலும் இல்லை. துறைத்தலைவர் கடிதம் கொண்டு வாருங்கள் என்றார்கள். எனக்குத் துறை ஏது? அரைநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போனதைவிட, மேஸ்திரியை உடன் அழைத்துப் போயிருந்ததுதான் மனத்தை உறுத்தியது. அவர் அதன் பிறகு ஓராண்டு காலம் எந்த நூலகத்துக்கும் வர மறுத்தார்.

சந்தா கட்டிப் பெறும் இதழ்களிலும் இதே கோடு இருக்கிறது. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள் என்று பெரிய ஏற்பாடு அது. அரசுக் கல்வி நிறுவனங்களில் உள்ளவர்களுக்கு அது பெரும் உதவி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதன் கதவு மாணவராகவோ ஆசிரியராகவோ இருப்பவருக்கே திறக்கிறது. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் மறுநாளே என் வரிசைக்கு வந்துவிடுகிறார். பல உரிம ஒப்பந்தங்களில், நூலகத்துக்குள் வந்து அமர்ந்து படிப்பவருக்கு இடம் கொடுக்கும் விதி இருக்கிறது. நான் செல்லும் நூலகம் அதைப் பயன்படுத்தி இரண்டு கணினிகளை வெளிவாசகருக்கென்று ஒதுக்கியிருக்கிறது. எல்லா நூலகங்களும் தங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

செட்டிநாட்டில் இதை எழுதும்போது கோட்டையூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே பிறந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். நம் நாட்டில் திறந்த அணுக்கத்துக்காகப் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்த சுப்பையா அருணாச்சலம், அந்த ஆய்வகத்தில் நூலகராகப் பணிபுரிந்தவர். அதே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, தம் வாழ்நாள் முழுவதும் நூல், இதழ், துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, கடல் கடந்து கொண்டு போகாமல் சென்னையிலேயே 1994இல் ஆய்வு நூலகமாக அமைய வழிசெய்தது. வீட்டு விசேஷப் பத்திரிகையைக் கூட ஆவணமாகப் பார்த்த அந்தக் கண் எங்கள் பக்கத்து மனிதருடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பழுதுபார்க்கும் வீடுகளில் பரணிலிருந்து இறக்கும் கணக்குப் பேரேடுகளை எடைக்குப் போடாதீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் இப்போதெல்லாம் மன்றாடுகிறேன்.

கடந்த ஆண்டு மேஸ்திரி மறுபடியும் என்னுடன் நூலகத்துக்கு வந்தார். ஓர் ஆய்வேட்டில் சாந்து அரைக்கும் படத்தைப் பார்த்து, இவ்வளவு தண்ணீர் விட்டால் பூச்சு வழியும் என்றார். அதை யாரிடம் சொல்வது என்று கேட்டார். உதவி நூலகர் அந்தக் கேள்வியை விடவில்லை. ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்தும் செனோடோ என்னும் களஞ்சியத்தில் எந்த நிறுவனத்தையும் சாராதவர்கூடத் தம் ஆவணத்தைச் சேர்க்கலாம், அதற்கு நிலையான அடையாள எண் ஒன்றும் கிடைக்கும் என்று காட்டி, இரண்டு சனிக்கிழமைகள் எங்களோடு உட்கார்ந்தார். மூன்று சுவர்களின் கலவை அளவு, பூசிய மாதம், இன்றைய நிலை ஆகியவற்றைத் தமிழில், ஒருங்குறியில், பதினோரு பக்கமாக எழுதினோம். பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்தோம். ஆசிரியர் பெயர்களில் மேஸ்திரியின் பெயர் முதலாவது.

பதிவேற்றிய மறுவாரமே அவர் தொலைபேசியில் அழைத்தார். ஆடிக் காற்றில் பூச்சு வேலை வைக்கக்கூடாது, மேல்பரப்பு முதலில் காய்ந்து வெடித்துவிடும், வைத்தே ஆக வேண்டுமென்றால் ஈரச்சாக்கு கட்ட வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டோமாம். அந்த மூன்று வரிகளையும் சேர்த்து இரண்டாம் பதிப்பை ஏற்றினோம்.