கியர் போடும்போது கரகர சத்தம்: கிளட்ச்சா, சின்க்ரோ ரிங்கா?

கியர் போடும்போது "கர்ர்" என்று சத்தம் வந்தால் சந்தேகம் இரண்டு இடங்களில் விழும். மிதித்தும் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸை முழுதாக விடுவிக்காத கிளட்ச் ஒன்று. கியர்பாக்ஸுக்குள் தேய்ந்துபோன சின்க்ரோ ரிங் இன்னொன்று; கியர் விழும் முன் இரு பக்கச் சுழற்சி வேகத்தையும் ஒன்றாக்கும் வளையம் இது. சத்தம் ஒரே மாதிரிதான், செலவு அப்படியில்லை. அதனால் கியர்பாக்ஸைப் பிரிக்கத் தலையாட்டும் முன் நீங்களே கொஞ்சம் சோதித்துப் பாருங்கள்.

வண்டி நிற்கும்போது, இன்ஜின் ஓட, முதல் கியரே முரண்டு பிடித்து ரிவர்ஸும் கரகரத்தால் என் ஓட்டு கிளட்ச்சுக்கு. இன்ஜினை அணைத்துவிட்டு அதே கியர்களைப் போடுங்கள். சுலபமாக விழுந்தால் சந்தேகம் பாதி உறுதி. ஆனால் ரிவர்ஸை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோவே கிடையாது. கிளட்ச்சை மிதித்த பிறகும் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) சில நொடிகள் சுற்றும். மிதித்தபடி ஐந்து நொடி பொறுத்துப் போடுங்கள். அப்போதும் கத்தினால்தான் கிளட்ச் மேல் குற்றம்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். உடனே கியர் விழுகிறதா? லைனில் காற்று புகுந்திருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம், சிலிண்டர் கசியலாம். கேபிள் கிளட்ச் என்றால் முதலில் ஃப்ரீ ப்ளேயைப் பாருங்கள், அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை. இதற்கெல்லாம் கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம். கிளட்ச் பிளேட்டே போயிருந்தால் இறக்கத்தான் வேண்டும். அப்போதும் பிரிக்கத் தேவையில்லை.

சின்க்ரோ தேய்ந்தால் கதை வேறு. நிற்கும்போது எல்லா கியரும் ஒழுங்காக விழும். ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியர், பெரும்பாலும் இரண்டாவது, வேகமாகத் தட்டினால் கரகரக்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பழைய லாரி டிரைவர்கள் மாதிரி டபுள் கிளட்ச் போடுங்கள்: நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி மிதித்துப் போட வேண்டும். சத்தம் மறைந்தால் சின்க்ரோதான்.

அதற்கும் முன் கியர் ஆயிலைப் பாருங்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால், வழுக்கல் கூடி, நல்ல பித்தளை ரிங்கும் பிடிக்காமல் போகலாம்.

கிளட்ச் என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். சரியாக விடாத கிளட்ச்சோடு ஓட்டினால் ஒவ்வொரு மாற்றத்திலும் சின்க்ரோதான் அடி வாங்கும். அப்புறம் இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கும்.