செரோக்கி 140-க்கு வாங்கிய டெஃப்லான் ஆயில் ஹோஸ் ஜோடி: பத்து மாதம் கழித்து

எங்கள் விமானம் 1969 மாடல் பைப்பர் செரோக்கி 140. நான்கு பேர் பங்கு போட்டு வாங்கி, ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஏர்போர்ட்டில் நிறுத்தியிருக்கிறோம். எஞ்சின் லைகமிங் ஓ-320, 150 குதிரைத்திறன். வாங்கிய நாள் முதலே அதன் அடிவயிறு எண்ணெய்ப் பிசுக்குதான். "பழைய லைகமிங் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லாத ஆளில்லை. நானும் நம்பி, ஒவ்வொரு முறை இறங்கியதும் துணியோடு அடியில் படுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான்கு மணி நேரம் பறந்தால் ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) ஆயில் ஊற்ற வேண்டும் என்று ஆனது. மொத்தம் பிடிப்பதே 8 குவார்ட். அப்போதுதான் பயம் வந்தது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் வால்வ் கவர் கேஸ்கெட்டுகளை மாற்றினார்கள். ஒழுகல் நிற்கவில்லை. திரும்பக் கொண்டுபோனதும் இரண்டு நிமிடம் எஞ்சினை ஓட்டிவிட்டு "எங்கும் லீக் இல்லை" என்றார்கள். இந்த எஞ்சினில் ஆயில் ஏறக்குறைய 185 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்ட பிறகுதான், சூட்டுக்கு ஏற்ப வேலை செய்கிற வெர்னாதெர்ம் வால்வ் மூடி, ஆயிலை முழுசாக அதைக் குளிரவைக்கிற ஆயில் கூலர் பக்கம் அனுப்பும். ஆறிப்போன எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டினால் கூலருக்குப் போகிற ஹோஸில் என்ன தெரியும்?

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் பொறுமைசாலி. எஞ்சினைக் கழுவி, உலர்த்தி, காலுக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரேயைச் சந்தேகப்பட்ட இடமெல்லாம் அடித்தார். ஆயில் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, எஞ்சினை மூடியிருக்கிற கவ்லிங்கைக் கழற்றினார். வெள்ளைப் பவுடரில் பழுப்பாக ஒரே ஒரு கோடு. கூலர் ஹோஸின் கீழ் முனையில், தீத்தடுப்பு உறை முடிகிற இடத்திலிருந்து இறங்கியிருந்தது. யாராக இருந்தாலும் அங்கே இருக்கிற நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கியிருப்பார்கள். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. உறையைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஊறின பஞ்சு மாதிரிப் பொதபொதவென்று இருந்தது. கிளாம்ப்பை வெட்டி உறையைச் சுருட்டினால், கசிவு மேல் முனையில், ஒரு அடிக்கும் மேல் தள்ளி! உறைக்குள்ளேயே வழிந்து கீழே வந்து சொட்டியிருக்கிறது. ஹோஸை வெளியே எடுத்து லேசாக வளைத்தார். அப்பளம் நொறுங்குகிற சத்தம். அதில் கட்டியிருந்த தகட்டில் 2Q04 என்று பொறித்திருந்தது. அதாவது, தயாரித்தது 2004-ஆம் வருடம், இரண்டாம் காலாண்டு.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். இந்த மாடலில் ஆயில் கூலர் மூக்குப் பக்கம் இருப்பதால் ஹோஸ்கள் எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பக்கத்தில் போகின்றன. ஹோஸ் வெடித்து, ஆயில் மொத்தமும் கொட்டி, எஞ்சின் நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ போட்ட கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு (ஏடி) 95-26-13. 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஹோஸைப் பார்க்க வேண்டும், எக்ஸாஸ்ட்டிலிருந்து 2 அங்குலமாவது விலகியிருக்க வேண்டும், 8 வருடம் அல்லது 1000 மணி நேரத்தில் மாற்றிவிட வேண்டும். விமானத்தில் செய்த வேலைகளைப் பதிகிற எங்கள் லாக்புக்கில் இந்த ஏடிக்கு எதிரே அழகாகக் கையெழுத்து இருக்கிறது. தகட்டைத் திருப்பிப் பார்க்க ஒரு டார்ச் போதும். முந்தைய ஓனருக்கு வேலை பார்த்தவர்கள் அதைச் செய்யவில்லை. வாங்கும்போது நாங்களும் செய்யவில்லை.

டிஎஸ்ஓ-சி53ஏ, டைப் டி என்று எஃப்ஏஏ வகுத்திருக்கிற தரத்தில் ஹோஸ் போட்டால் அந்த ஏடியின் திரும்பத் திரும்பப் பார்க்கிற வேலை முடிந்துவிடும். அதனால்தான் இதை வாங்கினோம்: உள்ளே டெஃப்லான், மேலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல், அதற்கு மேல் செங்கல் நிறத்தில் சிலிக்கோன் உறை. ஹோஸ் மட்டுமே செய்கிற ஒரு கடைக்கு ஃபோன் செய்தேன். எடுத்த பெண்மணி விலை சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்டார். நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்? நட் நுனியிலிருந்தா, உள்ளே உட்காருகிற சீட்டிலிருந்தா? முனையில் வளைந்திருக்கிற எல்போ எந்தப் பக்கம் பார்க்கிறது? நான் நுனியிலிருந்துதான் அளந்திருந்தேன். பழைய ஹோஸையே அனுப்பச் சொல்லிவிட்டார். நல்ல வேளை. இரண்டும் சேர்த்து 430 டாலர், வந்து சேர மூன்று வாரம். அதுவரை விமானம் தரையில்தான், கொஞ்சம் வலித்தது. வந்தபோது ஒவ்வொன்றிலும் பிரஷர் டெஸ்ட் செய்த தேதியோடு தகடு இருந்தது, இரண்டு முனைக்கும் மூடி போட்டிருந்தது.

பொருத்தும்போது நான் டார்ச் பிடித்தேன். உறை இருப்பதால் ஹோஸ் முறுக்கிக்கொள்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக் முதலில் நீளவாக்கில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒரு ஸ்பேனரால் ஹோஸின் முனையைப் பிடித்து, இன்னொன்றால் நட்டை இறுக்கினார். கோடு நேராகவே நின்றது. கூம்பு மாதிரி விரிந்த 37 டிகிரி ஃப்ளேர் ஃபிட்டிங்கில் டேப்போ பசையோ எதுவும் கிடையாது, உலோகம் உலோகத்தில் உட்கார்ந்தே அடைக்க வேண்டும். மரையில் ஒரு சொட்டு ஆயில் தடவினார், அவ்வளவுதான்.

குறை உண்டு. ரப்பரைவிட விறைப்பு அதிகம், வளைக்க இடம் தாராளமாக வேண்டும். சூட்டில் கொஞ்ச காலம் ஓடினால் இருக்கிற வளைவிலேயே படிந்துவிடும். அப்புறம் கழற்ற நேர்ந்தால் நிமிர்த்தவே கூடாது, உள்ளே மடிந்து கெட்டுப்போகும். ஒரு கம்பியை இரண்டு முனைக்கும் கட்டி அதே வடிவில் வைத்திருக்க வேண்டும். பார்சலில் இதைப் பற்றி ஒரு சீட்டு வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அரை நட்சத்திரம் அதற்காகக் குறைக்கிறேன். ஐந்துக்கு நாலரை.

பத்து மாதத்தில் ஏறக்குறைய 70 மணி நேரம் பறந்திருக்கிறோம். இப்போது ஒரு குவார்ட் 9 மணி நேரம் தாங்குகிறது. போன வாரம் பழைய வெள்ளை பனியன் துணியால் அடிவயிறு முழுக்கத் துடைத்தேன், தூசி மட்டும்தான் வந்தது. ஆயில் பிரஷர் கேஜுக்குப் போகிற சின்ன ஹோஸ் இன்னும் பழையதுதான். அதன் தகட்டைத் தேடினேன், தகடே இல்லை. அதே கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டேன்.