இரண்டு பெரிய கண்களா, ஏழு சிறிய கண்களா: நெய்தலம் தீவின் வான் தற்காப்பு

நெய்தலம் என்பது எங்கள் வரைபடத்தில் மட்டுமே இருக்கும் நாடு. கிழக்கு மேற்காக 40 கிலோமீட்டர், வடக்குத் தெற்காக 25 கிலோமீட்டர் அளவுள்ள தீவு அது. தென்கரையில் துறைமுகமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், வடக்கில் விமான நிலையமும், நடுவில் ஒரு குன்றும் உண்டு. தேசிய சேவை எனப்படும் கட்டாய ராணுவப் பணிக் காலத்தில் பழகிய நண்பர்கள் நால்வரும் என் அக்கா மகனும் நானும் மாதம் ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் வரைபடத்தை விரித்து, இந்நாட்டை வைத்துப் போர்ப்பயிற்சி ஆட்டம் ஆடுகிறோம். இந்த ஆண்டு தீவின் வான், ஏவுகணைத் தற்காப்பு முழுவதையும் அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தாக்கும் தரப்பு, சென்ற ஆண்டு தேசிய சேவையை முடித்த என் அக்கா மகன்.

என் கையில் இருந்தவை 100 புள்ளிகள். முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். முதல் வழி, அமெரிக்காவின் பேட்ரியட்டை மாதிரியாகக் கொண்ட நெடுந்தொலைவு அமைப்பு: 45 புள்ளி வீதம் இரண்டு பெரிய ரேடார் தொகுதிகள், மிச்சமுள்ள 10 புள்ளிக்குத் தோளில் வைத்துச் சுடும் குறுந்தொலைவு ஏவுகணைகள். இரண்டாம் வழி, நார்வேயின் நாசாம்ஸை மாதிரியாகக் கொண்ட பரவல் வலையமைப்பு: 9 புள்ளி வீதம் ஏழு சிறிய ரேடார்கள், அவற்றோடு ஏவுவாகனங்கள், 4 புள்ளி வீதம் மூன்று கட்டுப்பாட்டு மையங்கள், 10 புள்ளிக்கு ஒரு கண்காணிப்புப் பலூன், 15 புள்ளிக்குக் கூடுதல் ஏவுகணைகள். முதல் மூன்று ஆட்டங்களில் முதல் வழியை எடுத்தேன். அடுத்த மூன்றில் இரண்டாம் வழிக்கு மாறினேன். என் மனம் இரண்டாம் வழியின் பக்கமே இருக்கிறது, அதற்கான காரணத்தைத்தான் எழுத வந்தேன்.

தொலைவிலும் உயரத்திலும் முதல் வழிதான் மேல். அதில் வாதத்துக்கு இடமில்லை. வேகமாக மேலிருந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணையை நேராக மோதி அழிக்கும், பேட்ரியட்டின் பேக்-3 போன்ற ஏவுகணை இரண்டாம் வழியில் கிடையாது. உக்ரேனுக்கு 2022 அக்டோபரில் ஜெர்மனியின் ஐரிஸ்-டி அமைப்பும் நவம்பரில் நாசாம்ஸும் வந்து சேர்ந்து, விமானம்போல் தாழப் பறந்து வரும் குரூஸ் ஏவுகணைகளையும் ஆளில்லா வானூர்திகளையும் வீழ்த்தத் தொடங்கின. ஆனாலும் பாலிஸ்டிக் ஏவுகணைகளை எதிர்கொள்ள 2023 ஏப்ரலில் பேட்ரியட் வர வேண்டியிருந்தது. அண்டை நாட்டிடம் பாலிஸ்டிக் ஏவுகணைகள் ஏராளமாக இருந்தால் நான் எழுதுவதில் பாதி செல்லாது. எங்கள் ஆட்டத்தில் எதிரியிடம் அவை நான்கே நான்கு. குரூஸ் ஏவுகணைகளோ அறுபது.

தாழப் பறந்து வரும் குரூஸ் ஏவுகணையிடம் பெரிய ரேடாரின் நீண்ட கை உதவாது, ஏனென்றால் பூமியின் வளைவு குறுக்கே நிற்கிறது. 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடார், கடலுக்கு 50 மீட்டர் மேலே வரும் ஏவுகணையைச் சுமார் 47 கிலோமீட்டரில்தான் முதலில் பார்க்க முடியும். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் அது வருமானால், கண்டு, அடையாளம் உறுதி செய்து, சுடுவதற்கு மொத்தமாகக் கிடைப்பது மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகம். அதே ரேடாரைப் பலூனில் 600 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் தொலைவு ஏறக்குறைய 130 கிலோமீட்டராகிறது. நேரம் எட்டரை நிமிடத்தைத் தாண்டுகிறது. சிங்கப்பூர் 2014-இல் 55 மீட்டர் நீளப் பலூனை அறிவித்தபோது சொன்ன உயரமும் இந்த 600 மீட்டர்தான்.

திசையும் ஒரு பொருட்டு. பேட்ரியட்டின் ரேடார் சுழலாமல் ஒரு பக்கம் நோக்கி நின்று, வானத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவை மட்டும் பார்க்கும் வகையைச் சேர்ந்தது. 2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் எண்ணெய் நிலையத்தை ஆளில்லா வானூர்திகளும் குரூஸ் ஏவுகணைகளும் தாக்கியபோது, அந்நாட்டிடம் பேட்ரியட் தொகுதிகள் பல இருந்தும் ஆலை எரிந்தது. நாசாம்ஸோடு வரும் சென்டினல் ரேடாரோ நிமிடத்துக்கு 30 சுற்றுச் சுழன்று நாலாபக்கமும் பார்க்கிறது. ஒரு பக்கம் மட்டும் எதிரியின் எல்லை இருக்கும் நாட்டுக்கு ஒருபக்கப் பார்வை போதுமாக இருக்கலாம். தீவுக்கு எல்லாப் பக்கமும் வாசல்.

ஆனால் என்னை வழி மாற வைத்தவை இவை எதுவும் அல்ல. தொலைவையும் திசையையும் முதல் நாளே அறிந்துதான் பெரிய தொகுதிகளை வாங்கினேன். மாற வைத்தது பராமரிப்பு.

எங்கள் ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஆறு மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒவ்வொரு ரேடாருக்கும் பத்துமுகப் பகடையை உருட்டுவோம்; 1 அல்லது 2 விழுந்தால் அந்த ரேடார் பராமரிப்புக்காக நிற்கும். அதாவது, ஒவ்வொன்றும் நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் இயங்கும் என்று வைத்திருக்கிறோம். மூன்றாம் ஆட்டத்தில், தெற்கு நோக்கிய என் பெரிய ரேடாருக்கு 2 விழுந்தது. ரேடார் பார்க்கும் பரப்பைச் சிவப்புப் பென்சிலால் வரைந்த ஒளிபுகு தாளை வரைபடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. தாளை எடுத்ததும் துறைமுகத்துக்குக் கீழே வெறும் நீலக் கடல் மட்டும் தெரிந்தது.

"மாமா, அது எத்தனை சுற்றுக்கு நிக்கும்?" என்று அக்கா மகன் கேட்டான்.

"ஒரு சுற்று."

"அப்ப இதுதான் நேரம்" என்று சொல்லி, குரூஸ் ஏவுகணைகளைக் குறிக்கும் எட்டு மரக்காய்களைத் தெற்கிலிருந்து வரிசையாக வைத்தான். ஆறு ஆலையில் விழுந்தன. வடக்கே இருந்த இன்னொரு ரேடார் பழுதின்றி முழு வலுவோடு விமான நிலையத்தின் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு பெரிய ரேடார்களும் ஒரே நேரத்தில் இயங்கும் வாய்ப்பு 64 விழுக்காடு. மிச்ச 36 விழுக்காட்டு நேரத்தில் தீவின் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ திறந்து கிடக்கின்றன. ஏழு சிறிய ரேடார்களில் ஐந்தோ அதற்கு மேலோ இயங்கும் வாய்ப்பு 85 விழுக்காடு. குறைந்தது நான்கு இயங்கும் வாய்ப்பு 97 விழுக்காட்டுக்கு அருகில். ஏழின் வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுமாறு வைத்திருப்பதால், ஐந்து இயங்கினால் கரை முழுவதும் தெரியும். நான்கே இயங்கும்போது ஓரிடத்தில் மட்டும் பார்வை மெலியும். ஒவ்வொரு சிறிய ரேடாரும் தனித்தனியே எடுத்தால் பெரியதைவிட நம்பகமானது அல்ல, இரண்டுக்கும் ஒரே எண்பது விழுக்காடுதான் கொடுத்திருக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை எண்ணாகப் பார்ப்பதற்கு முன்பே என் தொழில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கட்டடங்களைக் குளிரூட்டும் சில்லர் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். நகரின் நடுவே ஒரு கட்டடத்தில் இரண்டு மிகப் பெரிய சில்லர்கள். வெயில் நேரத்தில் இரண்டும் ஓடினால்தான் போதும். ஒன்றின் குழாய்களுக்குள் படிவு ஏறியிருப்பதை அறிந்தும், நிறுத்தினால் மேல்மாடிகள் வெந்துவிடும் என்பதால் சுத்தம் செய்வதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். ஏப்ரல் மாதத்து நண்பகல் ஒன்றில் அதுவே நின்றுவிட்டது. மூடியைக் கழற்றியபோது குழாய்வாயைச் சுண்ணாம்பு போன்ற வெண்படிவு பாதிக்குமேல் அடைத்திருந்தது. திருப்புளியால் சுரண்டினால் பாளம் பாளமாக விழுந்தது. நான் பார்க்கும் இன்னொரு கட்டடத்தில் ஐந்து சிறிய சில்லர்கள் இருக்கின்றன. மாதம் ஒன்றை நிறுத்தித் திறந்து துடைத்து மூடுவோம். உள்ளே வேலை செய்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. மொத்தப் பராமரிப்பு வேலை ஐந்து இயந்திரங்கள் உள்ள இடத்தில்தான் அதிகம், ஆனால் அந்த வேலையை உரிய நாளில் செய்ய முடிகிறது.

ரேடாருக்கும் குளிரூட்டி உண்டு, பம்பு உண்டு, ஜெனரேட்டர் உண்டு. பெரிய ரேடாரின் முகத்தில் ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் இருப்பதால் சில கெட்டாலும் பார்வை போய்விடாது என்பது உண்மை. ஆனால் அத்தனை உறுப்புகளுக்கும் பொதுவான கணினி நின்றால் அத்தனையும் நிற்கும். நிலநடுக்கோட்டுத் தீவில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். கடற்கரையில் உப்புக்காற்று வேறு. கரையோரக் கட்டடங்களில் மின்பெட்டியைத் திறந்தால் செம்பு முனைகளில் பச்சைப் பூச்சு படிந்திருப்பதை நான் பார்க்காத ஆண்டு இல்லை. நெய்தலத்தின் தென்கரையும் அப்படித்தான் இருக்கும்.

பராமரிப்பு நிறுத்தம் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் நடந்ததைவிட வேதனையான சான்று வேண்டியதில்லை. அங்கிருந்த பேட்ரியட் தொகுதி 100 மணி நேரமாக நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடி வீதம் எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை 24 இலக்க இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாததால், மிகச் சிறிய பிழை ஒவ்வொரு எண்ணிக்கையிலும் சேர்ந்துகொண்டே வந்து 0.34 நொடியாகிவிட்டது. வரும் ஈராக்கின் ஸ்கட் பாலிஸ்டிக் ஏவுகணையைத் தேட வேண்டிய இடம் அதனால் 600 மீட்டருக்கு மேல் விலகிப் போயிற்று. ரேடார் வெற்று வானத்தைத் தேடியது. படைவீரர்கள் 28 பேர் இறந்தனர். நீண்ட நேரம் ஓட்டினால் இப்படி விலகும் என்பதை இஸ்ரேல் இரு வாரம் முன்பே சொல்லியிருந்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்தது மறுநாள். நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தாலே பிழை சுழியத்திலிருந்து தொடங்கியிருக்கும். போர் நடுவே, ஊரைக் காக்கும் கருவியை நிறுத்துவது எளிதன்று என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. அதனால்தான் நிறுத்தக்கூடிய அமைப்பு வேண்டும் என்கிறேன்.

ஆள்கணக்கிலும் என் வழி தோற்கிறது. ஓர் இருக்கையை நாள் முழுவதும் நிரப்ப வாரத்துக்கு 168 மணி நேரம் வேண்டும். ஒருவர் 42 மணி நேரம் பார்த்தால் நால்வர், விடுப்பையும் பயிற்சியையும் சேர்த்தால் ஐவர். முதல் வழியில் இரண்டு இடங்கள், இடத்துக்கு மூன்று இருக்கைகள்: 30 பேர். என் வழியில் மூன்று மையங்கள்: 45 பேர். இதோடு ஏழு இடங்களுக்கும் காவல், எரிபொருள், ஜெனரேட்டர் என்று ஆள் தேவைப்படும். பிறப்பு விகிதம் 2023-இல் 0.97-க்கு இறங்கிய சிங்கப்பூரில் உட்கார்ந்து ஆடுகிற எங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆயினும் பேட்ரியட் தொகுதி ஒன்றை இயக்க, போர்நேரக் கட்டுப்பாட்டு அறையில் மூவர் போதும் என்றாலும், பின்னால் ஏறக்குறைய 90 பேர் இருக்கிறார்கள். என் ஏழு ரேடார்களும் ஒரே வகை. ஒன்றைக் கற்ற தொழில்நுட்பர் ஏழையும் பார்ப்பார், ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதற்குப் பொருந்தும். நாசாம்ஸ் ஏவுவது போர்விமானங்கள் சுமக்கும் அம்ராம் ஏவுகணையையே என்பதால் கிடங்கும் பொதுவாகிவிடும்.

பலூன் என் வழியின் பலவீனமான கண்ணி. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160-க்கு மேற்பட்ட நாள்களில் இடி முழங்குகிறது. அந்த வானிலையில் பலூனை இறக்கித்தான் ஆக வேண்டும். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்தில் இத்தகைய பலூன் ஒன்று கயிறறுந்து பென்சில்வேனியா வரை போய் விழுந்தது. பலூன் இறங்கியிருக்கும் நேரத்துக்கு ஏழு ரேடார்களையும் நம்புகிறேன். அதனால் அதற்கு 10 புள்ளிக்கு மேல் கொடுக்கவில்லை.

வலையமைப்பை எதிரி குழப்பினால் என்ன ஆகும் என்பதில் என் அனுபவம் மெலிது. எங்கள் விதிகளில் மின்னணுத் தாக்குதல் ஒரே ஒரு பகடை வீச்சாக இருக்கிறது, மூன்று ஆட்டங்களில் இரண்டு முறைதான் வந்தது. நம் விமானத்தை நாமே சுடும் ஆபத்தில் எந்த வழி மேல் என்பதையும் மூன்று ஆட்டங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 2003 ஈராக் போரில் பேட்ரியட் மார்ச் 23 அன்று பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தையும் ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் போர்விமானத்தையும் வீழ்த்தியது. ஒரே இலக்கைப் பல ரேடார்கள் பார்க்கும்போது அடையாளம் தெளிவாகும் என்று நம்புகிறேன், ஆனால் ஏழு இடத்துச் செய்தி முரணாக வந்தால் குழப்பமும் ஏழு மடங்காகலாம்.

பணமும் புள்ளியும் நிறைய உள்ளவர்கள் இரண்டையும் அடுக்கிக்கொள்வார்கள். பழைய ரேப்பியருக்குப் பதில் ஸ்பைடர், ஹாக்கிற்குப் பதில் ஆஸ்டர் 30 என்று வான் தற்காப்பு ஏவுகணை அமைப்புகளைச் சிங்கப்பூர் அடுக்கடுக்காகத்தான் அமைத்திருக்கிறது. 100 புள்ளிக்குள் அது முடியாது. எதிரியின் நான்கு பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு என்னிடம் விடை இல்லை என்பதை நண்பர்களிடம் ஒப்புக்கொண்டு, எரிபொருள் கிடங்கை மூன்று இடமாகப் பிரித்து மண்மேடு போட்டிருக்கிறேன்.

ஆறாம் ஆட்டத்தில் இரண்டு ரேடார்கள் ஒரே சுற்றில் நின்றன. இரண்டு தாள்களை எடுத்த பிறகும் தென்கடலின்மேல் சிவப்புக் கோடுகள் மூன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அக்கா மகன் காய்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, கிழக்குப் பக்கமாகப் போனான். அடுத்த சனிக்கிழமைக்குள் ஒன்றை மட்டும் சரிசெய்ய வேண்டும்: குன்றின் தென்சரிவில் வைத்த ஐந்தாவது ரேடாருக்கு ஆலையின் உயரமான புகைபோக்கி குறுக்கே வருகிறது. 300 மீட்டர் மேற்கே நகர்த்தினால் கடல் தெரியும், ஆனால் அங்கே பாதை இல்லாததால் ஜெனரேட்டர் வண்டி ஏறாது.